கடைக் குளிர்பெட்டிக்கும் காருக்கும் ஒரே 'கேஸ்' போதுமா?

"சார், எங்க கடையில கேஸ் தோம்பு ஒன்னு பாதி இருக்கு. மாமா காருல ஏர்கோண்ட் குளிரவே மாட்டேங்குது. அந்தக் கேஸையே காருல அடிச்சிடலாமா?"

அறிவியல் பாடம் முடிந்து புத்தகங்களை அடுக்கிக் கொண்டிருந்தபோது, படிவம் இரண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய குடும்பம் உலு திராமில் சிறிய மளிகைக் கடை நடத்துகிறது. உறைந்த கோழி, மீன் வைக்கும் குளிர்பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவர் மீதமிருந்த தோம்பை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பட்டறைக்குப் போனால் செலவாகும் என்று நினைத்த மாமா, தோம்பையும் காரையும் இணைக்கும் குழாய்முனை ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டார். வரும் சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடுவதாகத் திட்டம்.

தோம்பில் ஒட்டியிருக்கும் எழுத்தையும் கார் முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்று மாலையே இரண்டு படங்கள் வந்தன. ஆரஞ்சு நிறத் தோம்பில் 'ஆர்-404ஏ' என்று இருந்தது. கார்ச் சீட்டில் 'ஆர்-134ஏ'.

"மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று பதில் அனுப்பினேன். உடனே மறுகேள்வி வந்தது: "ஏன் சார்? ரெண்டுமே குளிர வைக்கிற கேஸ்தானே?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. அந்த மாணவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேஸ் தீர்ந்து போகுமா?

கையில் கிருமிநாசினித் திரவத்தைத் தடவினால் சில்லென்று இருக்கும், இல்லையா? அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும்போது உங்கள் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. திரவம் வாயுவாக மாற வெப்பம் தேவை. வாயு மீண்டும் திரவமானால் அதே வெப்பத்தை வெளியே விடும். பெரும்பாலான குளிர்சாதனங்கள் இந்த ஒரே உண்மையில்தான் இயங்குகின்றன.

காரின் உள்ளே இருக்கும் சுருள்குழாயில் குளிர்பதனப் பொருள் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெசர் இழுத்து அமுக்குகிறது. அமுக்கப்பட்டுச் சூடான ஆவி, காரின் முன்பக்கம் உள்ள கண்டென்சருக்குப் போய் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு சிறிய துவாரத்தின் வழியாக அழுத்தம் குறைந்து, மீண்டும் உள்ளே போகிறது. சுற்று மறுபடியும் தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இது மூடிய சுற்று என்பதுதான். பெட்ரோல்போல எதுவும் எரிந்து தீர்வதில்லை. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பல ஆண்டுகள் கேஸ் நிரப்பாமலே ஓடும். கார் அப்படி ஓடாது. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரும் கம்ப்ரெசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். அதன் உலோகக் குழாய்கள் பற்றவைத்து இணைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் காரின் கம்ப்ரெசரையோ எஞ்சின் ஒரு பெல்ட் மூலம் சுழற்றுகிறது. அதற்காக ஒரு சுழல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டைச் சுற்றியுள்ள முத்திரை வழியாகவும், எஞ்சினின் அதிர்வைத் தாங்குவதற்காகப் பொருத்திய ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் மெல்லக் கசிவு ஏற்படும். காரின் ஏர்கோண்ட் வீட்டு ஏர்கோண்டிலிருந்து வேறுபடும் முதல் இடம் இதுதான்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரம்

'ஆர்-134ஏ' என்ற பெயரைப் பார்த்தால் தொழிற்சாலையின் வரிசை எண்போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு இரகசியக் குறியீடு. அதைப் பிரிக்கும் வழி எளிது: எண்ணுடன் 90-ஐக் கூட்டுங்கள்.

134 + 90 = 224. இதில் முதல் இலக்கம் கார்பன் அணுக்கள், இரண்டாவது ஹைட்ரஜன் அணுக்கள், மூன்றாவது ஃபுளோரின் அணுக்கள். ஆக, 2 கார்பன், 2 ஹைட்ரஜன், 4 ஃபுளோரின். இரண்டு கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது மற்ற அணுக்கள் வந்து சேர 6 இடங்கள் உண்டு. 2 ஹைட்ரஜனும் 4 ஃபுளோரினும் சேர்ந்து அந்த 6 இடங்களையும் நிரப்பிவிட்டன. குளோரினுக்கு இடமில்லை. கடைசியில் வரும் 'ஏ' என்ற எழுத்து, அதே அணுக்கள் எந்த அமைப்பில் இணைந்துள்ளன என்பதைக் காட்டுகிறது.

இப்போது பழைய வீட்டு ஏர்கோண்டில் இருக்கும் ஆர்-22-ஐப் பாருங்கள். 22 + 90 = 112. அதாவது 1 கார்பன், 1 ஹைட்ரஜன், 2 ஃபுளோரின். ஒரு கார்பனுக்கு 4 இடங்கள். மூன்று நிரம்பிவிட்டன. மீதமுள்ள ஓர் இடத்தில் குளோரின் உட்காரும். எண்ணைப் பார்த்தே, ஓசோன் படலத்தைத் தாக்கும் குளோரின் இதில் உண்டு என்று கண்டுபிடித்துவிட்டோம்!

ஆனால் கடையிலிருந்த ஆர்-404ஏ-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 400-இல் தொடங்கும் எண்கள் கலவைகளுக்கு உரியவை. பதிவு செய்யப்பட்ட வரிசைப்படி அவற்றுக்கு எண் கொடுக்கப்படுகிறது. ஆர்-404ஏ மூன்று பொருள்களின் கலவை: எடையில் 44 விழுக்காடு ஆர்-125, 52 விழுக்காடு ஆர்-143ஏ, 4 விழுக்காடு ஆர்-134ஏ. நூற்றுக்கு நான்கு பங்குதான் காருக்கு உரிய பொருள்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றுதான்

மாமா சொன்னது முற்றிலும் தவறு என்றும் சொல்ல முடியாது. அவர் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதைச் சொல்லியிருந்தால் ஓரளவு சரியாக இருந்திருக்கும்.

1920-களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. கசிந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய நச்சுகள் அவை. பாதுகாப்பான மாற்றுப் பொருளைத் தேடிய அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்க்லியின் குழு, 1928-ஆம் ஆண்டில் ஆர்-12-ஐத் தேர்ந்தெடுத்தது. 1930-இல் ஓர் அறிவியல் கூட்டத்தில் மிட்க்லி அந்த வாயுவைத் தாமே உள்ளிழுத்து, ஒரு மெழுகுவத்தியின் மீது ஊதி அதை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் பற்றாது என்பதற்கு அதுவே செய்முறைச் சான்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆர்-12 கார்களிலும் இருந்தது, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் இருந்தது. 'கேஸ்' என்ற ஒரே பெயர் நம் பேச்சில் நிலைத்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆர்-12-இலும் 90-ஐக் கூட்டிப் பாருங்கள்: 102. 1 கார்பன், ஹைட்ரஜன் இல்லை, 2 ஃபுளோரின். மீதி 2 இடங்களிலும் குளோரின். இந்தக் குளோரின் மேல் வளிமண்டலத்தை அடைந்து ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987-இல் மொண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது.

ஆர்-12 விலகத் தொடங்கியதும், ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு ஏற்ற மாற்றுப் பொருளைத் தேடிக்கொண்டது. கார்கள் ஆர்-134ஏ-க்கு மாறின. வீட்டு ஏர்கோண்டுகள் ஆர்-22-இலிருந்து ஆர்-410ஏ-க்கும் ஆர்-32-க்கும் மாறி வருகின்றன. கடைகளின் உறைகுளிர்ப் பெட்டிகளில் ஆர்-404ஏ புகுந்தது. புதிய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற ஆர்-600ஏ இருக்கிறது. ஒரே குடும்பமாக இருந்தவர்கள் தனித்தனி வீடு கட்டிக்கொண்டதைப்போல!

அழுத்தம்தான் முதல் ஆபத்து

கடைப் பெட்டி கோழியைச் சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் உறைய வைக்க வேண்டும். காரின் ஏர்கோண்டுக்கு அந்த வேலை இல்லை. காற்றைச் சில்லென்று ஆக்கினால் போதும். அதனால் கடைப் பெட்டிக்கு இன்னும் தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் தேவைப்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆர்-134ஏ, சுழியத்துக்குக் கீழே சுமார் 26 பாகையில் கொதிக்கும். ஆர்-404ஏ கொதிப்பது சுழியத்துக்குக் கீழே சுமார் 46 பாகையில்.

தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் பொருள், நம் ஊர் வெயிலில் எவ்வளவு வேகமாக வாயுவாக விரியத் துடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் துடிப்புதான் அழுத்தம். மூடிய கலனுக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது ஏற்படும் அழுத்தத்தைக் கீழே காணலாம். எண்கள் முழுமையாக்கப்பட்டவை, அலகு 'பார்'. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்.

ஆர்-134ஏ: 30 பாகையில் 8 பார், 60 பாகையில் 17 பார்
ஆர்-22: 30 பாகையில் 12 பார், 60 பாகையில் 24 பார்
ஆர்-404ஏ: 30 பாகையில் 14 பார், 60 பாகையில் 29 பார்
ஆர்-410ஏ: 30 பாகையில் 19 பார், 60 பாகையில் 38 பார்

60 பாகை எதற்கு என்று கேட்கலாம். மதிய வெயிலில் ஜாலான் கோத்தா திங்கியில் நெரிசலில் நிற்கும் ஒரு காரைக் கற்பனை செய்யுங்கள். கார் நகராததால் கண்டென்சரின் மீது காற்று போதுமான அளவு வீசாது. பக்கத்திலேயே எஞ்சின் சூடு. கண்டென்சருக்குள் வெப்பநிலை 60 பாகையைத் தொடுவது நடக்கக்கூடியதே. அப்போது 17 பாருக்கு ஏற்ப அமைந்த சுற்றில் 29 பார் ஏறினால் என்ன ஆகும்? காரில் உள்ள அழுத்த உணரி வேலை செய்தால் கம்ப்ரெசர் நின்றுவிடும், காசு வீண். பாதுகாப்பு வால்வு திறந்தால் வாயு முழுவதும் காற்றில் போகும். இரண்டும் தவறினால் ரப்பர்க் குழாயோ முத்திரையோ கிழியும். அந்த நேரத்தில் முன்மூடியைத் திறந்து குனிந்து பார்த்துக் கொண்டிருப்பவரின் முகம் அங்கே இருக்கும்.

தவறு நடக்கக்கூடாது என்பதற்காகவே இணைப்பு முனைகளும் வேறுபட்டவையாகச் செய்யப்பட்டுள்ளன. ஆர்-134ஏ காரில் அழுத்திப் பொருத்தும் முனைகள் இருக்கும். தாழ் அழுத்தப் பக்கத்தின் முனை 13 மில்லிமீட்டர், உயர் அழுத்தப் பக்கத்தின் முனை 16 மில்லிமீட்டர். வீடு, கடை இயந்திரங்களில் திருகி மூடும் வேறுவகை முனைகள். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. மாமா இணையத்தில் வாங்கிய குழாய்முனை, இந்தப் பாதுகாப்பைத் தாண்டிக் குதிக்க உதவும் ஏணி. முனை பொருந்தவில்லை என்றால் "வேறு முனை வாங்கு" என்று அதற்குப் பொருள் இல்லை. "நிறுத்து" என்று பொருள்.

தீபாவளி மிக்சர் கணக்கு

காரில் இருப்பது தனிப்பொருள். கடையில் இருப்பது கலவை. இதுவும் பெரிய வேறுபாடு.

தீபாவளிக்கு அம்மா ஒரு டின் நிறைய மிக்சர் செய்து வைக்கிறார். நீங்களும் தம்பியும் போகும்போதும் வரும்போதும் கடலையை மட்டும் பொறுக்கித் தின்கிறீர்கள். நான்கு நாள் கழித்து டின்னைத் திறந்தால் மிக்சர் இருக்கும். ஆனால் அது அம்மா செய்த மிக்சர் இல்லை. கலவை வாயுக்களிலும் இப்படி நடக்கலாம். தாழ்ந்த வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் முதலில் ஆவியாகும். தோம்பின் மேற்பகுதியிலிருந்து ஆவியாக எடுத்தால் அதுவே அதிகமாக வெளியேறும். உள்ளே மிஞ்சுவதன் விகிதம் மாறிப்போகும். அதனால்தான் கலவைகளைத் திரவமாகவே நிரப்ப வேண்டும் என்பது தொழில் விதி. தொழில்நுட்பர் தோம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்திருந்தால், காரணம் இதுதான்.

ஆர்-404ஏ-யில் இந்த விகித மாற்றம் சிறிதளவே. ஆர்-407சி போன்ற கலவைகளில் இது அதிகம். ஆர்-134ஏ தனிப்பொருள் என்பதால் பாதி கசிந்தாலும் மீதி ஆர்-134ஏ-யாகவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் இயல்புள்ள காருக்குத் தனிப்பொருள் வசதியாக இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

கூடவே ஓடும் எண்ணெய்

குளிர்பதனப் பொருள் தனியாக ஓடுவதில்லை. கம்ப்ரெசர் தேயாமல் இருக்க ஓர் எண்ணெயும் அதனுடன் கலந்து சுற்றி வரும். இரண்டும் நன்றாகக் கலந்தால்தான், குழாயெங்கும் போகும் எண்ணெய் மீண்டும் கம்ப்ரெசருக்குத் திரும்பி வரும்.

ஆர்-12, ஆர்-22 காலத்தில் கனிம எண்ணெய் போதுமானதாக இருந்தது. ஆர்-134ஏ கனிம எண்ணெயுடன் கலக்காது. எனவே பெல்ட் கம்ப்ரெசர் உள்ள கார்களில் பி.ஏ.ஜி. என்ற செயற்கை எண்ணெய் பயன்படுகிறது. ஆர்-404ஏ, ஆர்-410ஏ இயந்திரங்களில் பி.ஓ.இ. என்ற வேறு செயற்கை எண்ணெய். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி திறந்த எண்ணெய்ப் புட்டியைப் பட்டறை மேசையில் விட்டுவைத்தால், நம் ஊர் ஈரக்காற்றில் அது விரைவில் கெட்டுவிடும்.

மின்சாரக் கார்களிலும் பல ஹைபிரிட் கார்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் கம்ப்ரெசரைச் சுழற்றுவது உயர் மின்னழுத்த மோட்டார். மோட்டாரின் கம்பிச்சுருள்கள் குளிர்பதனப் பொருளிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இருக்கும். பி.ஏ.ஜி. எண்ணெய் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அங்கே மின்காப்புத் தன்மையுள்ள பி.ஓ.இ. வகை எண்ணெய்தான் வேண்டும். இரண்டு கார்களிலும் ஆர்-134ஏ என்றே எழுதியிருந்தாலும், எண்ணெய் கலந்த ஒரே டின்னை இரண்டுக்கும் போட முடியாது.

சிறு டின்னும் பெரிய தோம்பும்

"அப்படியென்றால், கடைத் தோம்பில் ஆர்-134ஏ என்றே எழுதியிருந்தால் காரில் அடிக்கலாமா சார்?" என்று அந்த மாணவர் விடாமல் கேட்டார்.

அறிவியல்படி பார்த்தால், ஆர்-134ஏ மூலக்கூறு எங்கிருந்தாலும் ஒன்றுதான். குளிர்பானப் பெட்டிக்கென்று ஒரு மூலக்கூறும் காருக்கென்று ஒரு மூலக்கூறும் இல்லை. சில குளிர்பானப் பெட்டிகளிலும், பெரிய கட்டடங்களின் குளிர்நீர் இயந்திரங்களிலும், கப்பலில் ஏறும் குளிர்சாதனக் கொள்கலன்களிலும் இதே ஆர்-134ஏ பயன்படுகிறது. வேறுபாடு, அது நம் கைக்கு வந்து சேரும் விதத்தில் இருக்கிறது.

கார்களுக்கான விற்பனையில் சில நூறு கிராம் கொண்ட சிறு டின்கள் உண்டு. அவற்றில் சில தூய ஆர்-134ஏ. வேறு சிலவற்றில் எண்ணெயோ, கசிவைக் காட்டும் ஒளிர்சாயமோ, ஓட்டையை அடைக்கும் பசையோ சேர்ந்திருக்கும். இந்தப் பசை சில சமயம் சிறு கசிவை அடைத்தாலும், பட்டறையின் மீட்பு இயந்திரத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும். தொழில்நுட்பர்கள் வாங்குவது பொதுவாக 13.6 கிலோ கொண்ட தோம்பு. அதில் எண்ணெயோ சாயமோ சேர்க்காத தூய பொருள் இருக்கும். தேவையான எண்ணெயை அவர்கள் தனியாக அளந்து சேர்ப்பார்கள்.

அளவும் முக்கியம். ஒரு சாதாரணக் காருக்கு ஏறக்குறைய 400 முதல் 800 கிராம்வரை போதும். சரியான அளவு கார்ச் சீட்டிலேயே எழுதியிருக்கும். தொழில்நுட்பர் முதலில் பழையதை உறிஞ்சி எடுத்து, சுற்றை வெற்றிடமாக்கி, காற்றையும் ஈரத்தையும் அகற்றி, பிறகு தராசில் வைத்து நிறுத்து நிரப்ப வேண்டும். "கொஞ்சம் அடி, குளிருதா பார்" என்ற கணக்கு இங்கே உதவாது. மிகுதியானாலும் குளிர் குறையும்.

தோம்பின் நிறத்தை நம்பலாமா? முன்பு ஆர்-134ஏ-க்கு வெளிர்நீலம், ஆர்-22-க்கு வெளிர்பச்சை, ஆர்-404ஏ-க்கு ஆரஞ்சு, ஆர்-410ஏ-க்கு இளஞ்சிவப்பு என்ற வழக்கம் இருந்தது. இப்போது எல்லாத் தோம்புகளுக்கும் ஒரே சாம்பல் பச்சை நிறம் என்ற புதிய வழிகாட்டி வந்துள்ளது. ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்.

எழுத்தே பொய் சொன்னால்?

2011-ஆம் ஆண்டில் உலகின் சில துறைமுகங்களில் குளிர்சாதனக் கொள்கலன்களின் கம்ப்ரெசர்கள் வெடித்தன. மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தக் கொள்கலன்கள் அதற்கு முன்பு வியட்நாமில் பராமரிப்புப் பணிக்கு உட்பட்டவை. ஆர்-134ஏ என்ற பெயரில் அவற்றில் நிரப்பப்பட்ட பொருளில் ஆர்-40 கலந்திருந்தது தெரியவந்தது.

ஆர்-40 என்றால் என்ன? நீங்களே கண்டுபிடிக்கலாம். 40 + 90 = 130. 1 கார்பன், 3 ஹைட்ரஜன், ஃபுளோரின் இல்லை. மீதமுள்ள ஓர் இடத்தில் குளோரின். இதன் பெயர் மெத்தில் குளோரைடு. ஆம், 1920-களில் உயிர்களைப் பறித்ததால் கைவிடப்பட்ட அதே நச்சு வாயு!

போலி செய்பவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆர்-40 சுழியத்துக்குக் கீழே சுமார் 24 பாகையில் கொதிக்கும். ஆர்-134ஏ சுமார் 26 பாகையில். கொதிநிலை நெருக்கமாக இருப்பதால் அழுத்தமும் நெருக்கமாக இருக்கும். பட்டறையில் உள்ள அழுத்தமானியின் முள் ஏமாந்துவிடும். விலையும் குறைவு. ஆனால் ஆர்-40 அலுமினியத்துடன் வினைபுரியும். அப்போது உண்டாகும் சேர்மம், காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றக்கூடியது. கொள்கலனின் கம்ப்ரெசரில் அலுமினியப் பாகங்கள் உண்டு. காரிலோ கம்ப்ரெசர், கண்டென்சர் இரண்டிலுமே அலுமினியம் உண்டு.

இந்தச் செய்தி நமக்குத் தொலைவானது இல்லை. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் என இரண்டு பெரிய துறைமுகங்கள் நம் ஜொகூரிலேயே உள்ளன. அங்கே கொள்கலன்களுடன் வேலை செய்பவர்களில் உங்கள் அப்பாவோ அண்ணனோ இருக்கலாம். இப்போது வாயுவின் கலப்படத்தைக் கண்டறியும் சோதனைக் கருவிகள் உள்ளன. விலை மிகவும் மலிவாக, கடை முத்திரையோ ரசீதோ இல்லாமல் வரும் தோம்பை எந்த நல்ல தொழில்நுட்பரும் சந்தேகப்படுவார்.

சமையல் எரிவாயுவைக் காரில் நிரப்பிக் குளிர வைக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. குளிரும் என்பது உண்மைதான். புரோப்பேனுக்கு ஆர்-290 என்ற எண்ணே உண்டு. கூட்டிப் பாருங்கள்: 380. 3 கார்பன், 8 ஹைட்ரஜன், வேறொன்றும் இல்லை. எல்லாமே எரிபொருள்! அதற்கென்று பாதுகாப்போடு வடிவமைத்த இயந்திரத்தில் அது பயன்படலாம். அதற்காக வடிவமைக்கப்படாத, கசியும் இயல்புள்ள, நான்கு பேர் கதவை மூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் காரில் அதை நிரப்புவது விபரீதம்.

காற்றில் விட்டால் என்ன?

"அப்போ அந்தப் பாதித் தோம்பைத் திறந்து விட்டுடலாமா சார்?" இது அவருடைய கடைசிக் கேள்வி.

ஆர்-134ஏ-யும் ஆர்-404ஏ-யும் ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் இரண்டும் கெட்டிக்காரர்கள். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு கிலோ ஆர்-404ஏ ஏறக்குறைய 3,920 கிலோவுக்குச் சமம். ஒரு காரிலிருந்து 500 கிராம் ஆர்-134ஏ கசிந்தால் அது 715 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகும். அப்படியானால் அந்தக் கசிவு 310 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம்!

இதனால் 2016-இல் கிகாலி நகரில் மொண்ட்ரியல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, இந்த வகைப் பொருள்களும் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. மலேசியா 2020-இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அங்கே பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் பயன்படுகிறது. இங்கும் சில புதிய கார்களின் சீட்டில் அந்தப் பெயரைக் காணலாம். அதற்குரிய முனைகளும் வேறு. நம் நாட்டில் குளிர்பதனப் பொருள்களைக் கையாள 1999-ஆம் ஆண்டிலேயே தனி விதிமுறைகள் வந்தன. 2020-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. அவற்றைக் கண்காணிப்பது சுற்றுச்சூழல் துறை. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் தொழில்நுட்பர்கள் பழைய வாயுவைத் தனித் தோம்பில் மீட்டெடுக்க வேண்டும்.

திறந்து விடுவதில் உடனடி ஆபத்தும் உண்டு. வெளியே பாயும் திரவம் தோலில் பட்டால் நொடியில் உறைபுண் ஏற்படும். வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய அறையில் தரையோடு தேங்கி, உயிர்வளியை வெளியேற்றி மூச்சுத் திணற வைக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

மாமாவின் சனிக்கிழமைத் திட்டம் கைவிடப்பட்டது. தோம்பைக் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவரே திரும்ப எடுத்துக்கொண்டார். கார் பட்டறைக்குப் போனது. ஒரு ரப்பர்க் குழாயின் இணைப்பில் கசிவு இருந்ததாம். அதைச் சரிசெய்து, நிறுத்து நிரப்பினார்களாம். மாமா என்ன கேஸை அடித்திருந்தாலும் அந்த ஓட்டை வழியாகவே போயிருக்கும் என்று மாணவர் சொல்லிச் சிரித்தார்.

இந்த வாரம் நீங்களும் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். எதையும் கழற்ற வேண்டாம், திருக வேண்டாம். படித்தால் மட்டும் போதும். எஞ்சின் அணைந்து ஆறியபின், பெரியவர் ஒருவரின் துணையோடு காரின் முன்மூடிக்கு உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள். வீட்டு ஏர்கோண்டின் வெளிப்பெட்டியில் உள்ள தகட்டைப் படியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளையும் படியுங்கள். மூன்று எண்களையும் அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். எண் 400-க்குக் கீழே இருந்தால் 90-ஐக் கூட்டி அணுக்களைக் கண்டுபிடியுங்கள். குளோரின் உள்ள பொருள் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

பல வீடுகளில் மூன்று இயந்திரங்களில் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கும். அடுத்த முறை யாராவது "கேஸ் அடிக்கணும்" என்று சொன்னால், "எந்த கேஸ்?" என்று நீங்கள் கேளுங்கள்.